செங்குன்றம் குடோன்: 40 மெட்டல் ஹாலைடை எடுத்துட்டு எல்ஈடி போட எவ்வளவு பட்ஜெட் வைக்கணும்?

செங்குன்றம்_ஷெட்
வணக்கம். ஜிஎன்டி ரோட்டை ஒட்டின ஷெட். நீளம் 60 மீட்டர், அகலம் 30. லைட் தொங்குறது 8.5 மீட்டர் உயரத்துல. இப்போ 400 வாட் மெட்டல் ஹாலைடு (பழைய வகை பல்ப்) 40 இருக்கு. அகலத்துல 5 வரிசை, 6 மீட்டர் இடைவெளி. நீளத்துல டிரஸ்ஸுக்கு (கூரையைத் தாங்குற இரும்புச் சட்டம்) ஒண்ணா 7.5 மீட்டருக்கு ஒண்ணு. ஒரு நாளைக்கு 12 மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள் ஓடும். அதே ஹூக்குல 200 வாட் எல்ஈடி ஹைபே (உயரக் கூரை லைட்) 40 மாட்டிடலாம், ஒண்ணு 4,000 ரூபாய், 1,60,000-ல வேலை முடிஞ்சிரும்னு ஒரு கொட்டேஷன் வந்திருக்கு. சாமான் அடுக்குற ரேக் புதுசா வரப்போகுது. இதுக்கு ஓகே சொல்லலாமா?

லக்ஸ்மீட்டர்
ஓகே சொல்லாதீங்க சார். ரேக் வரப்போகுதுன்னு கடைசி வரியில போட்டிருக்கீங்க, அதுதான் முதல் வரியில வந்திருக்கணும். கொட்டேஷன் கொடுத்தவர் ரேக் டிராயிங்கைப் பார்த்தாரா? ரேக் எந்தத் திசையில ஓடுது, ஏஸில் (ரேக்குக்கு நடுவுல போற வழி) அகலம் எவ்வளவு, பேக்கிங் எங்கே, கூரையில வெளிச்ச ஷீட் உண்டா? இந்த நாலும் சொல்லுங்க.

செங்குன்றம்_ஷெட்
ரேக் நீளவாக்குல 48 மீட்டர். ரீச் டிரக் (உயரத் தட்டுல சாமான் எடுக்கற ஃபோர்க்லிஃப்ட்) ஓட்ட ஏஸில் 3.2 மீட்டர். இடது சுவரை ஒட்டி 1.1 மீட்டர் ஒற்றை ரேக், அப்புறம் ஏஸில், 2.2 மீட்டர் இரட்டை ரேக், ஏஸில்னு மாறி மாறி 5 ஏஸில் வருது. கடைசியில இன்னொரு ஒற்றை ரேக், அதுக்கு அந்தப் பக்கம் 3 மீட்டர் நடைபாதை. முன்பக்கம் மீதி 12 மீட்டர்ல 8 மீட்டர் பேக்கிங், 4 மீட்டர் லாரி டாக் (சரக்கு ஏத்தி இறக்குற இடம்). பேக்கிங் மேஜை 10. கூரையில நடுவுல ரெண்டு வரிசை பாலிகார்பனேட் ஷீட் இருக்கு.

லக்ஸ்மீட்டர்
ரொம்ப நல்லது. இனி ஒரு பேப்பர் எடுத்து இடது சுவர்லேருந்து அளந்துட்டு வாங்க.

ஏஸில்களோட நடுக்கோடு 2.7, 8.1, 13.5, 18.9, 24.3 மீட்டர்ல விழுது. பழைய ஹூக் வரிசை 3, 9, 15, 21, 27 மீட்டர்ல இருக்கு. முதல் வரிசை தப்பிச்சிடும். ரெண்டாவது ஏஸிலுக்கு உள்ளேதான், ஆனா நடுவை விட்டு 90 செ.மீ. தள்ளி. மூணாவது 15 மீட்டர்ல, அந்த ஏஸில் 15.1-ல முடியுது, அதாவது ரேக் ஓரத்துக்கு நேர் மேலே. நாலாவது இரட்டை ரேக்கோட நெஞ்சுக்கு மேலே. அஞ்சாவது கடைசி ரேக்குக்கும் நடைபாதைக்கும் நடு எல்லையில. அந்த நாலாவது வரிசையில இருக்கிற 200 வாட் லைட், மேல் தட்டு அட்டைப்பெட்டியோட மூடிக்குத்தான் விளக்கு. கீழ் தட்டுல லேபிள் படிக்கிறவருக்கு ஒண்ணும் கிடைக்காது.

அதனால பழைய ஹூக்கை மறந்துடுங்க. ரேக் டிராயிங் கையெழுத்தாகி முடிஞ்ச பிறகுதான் லைட் டிராயிங்.

எவ்வளவு லக்ஸ் (ஒரு பரப்புமேல விழற வெளிச்ச அளவு) வேணும்? லைட்டிங்குக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 3646-ல சாமானை மேலோட்டமா அடையாளம் காணுற சேமிப்புப் பகுதிக்கு 100 முதல் 200 லக்ஸ் வரை. லேபிள், நுணுக்கம் பார்க்கணும்னா 150 முதல் 300. பேக்கிங், டெஸ்பாட்சுக்கு 200 முதல் 500. உங்களுக்கு ஏஸில் தரையில 180-ஐ ஒட்டி, பேக்கிங் மேஜைமேல 300, டாக்குல 150 போதும். தரை லக்ஸ் மட்டும் போட்டுக் கொடுத்தா வாங்காதீங்க. ரேக் முகத்துல 1 மீட்டர், 3 மீட்டர், 6 மீட்டர் உயரத்துல செங்குத்து லக்ஸ் எவ்வளவுன்னு எழுதிக் கேளுங்க. ஆள் படிக்கிறது தரையை இல்லை, ரேக்கை.

கணக்கு: ஒரு ஏஸில் 48 × 3.2 = 153.6 சதுர மீட்டர். 80 வாட் லீனியர் ஹைபே, வாட்டுக்கு 140 லூமன் (லைட் வெளியே விடற மொத்த வெளிச்சம்), ஆக 11,200 லூமன். 6 மீட்டருக்கு ஒண்ணுன்னா 8. மொத்தம் 89,600 லூமன். ஏஸிலுக்குன்னே வர குறுகின லென்ஸ் போட்டா தரைக்கு வந்து சேர்ற பங்கு 0.4-னு வைக்கிறேன். தூசி, வயசு ரெண்டுக்கும் சேர்த்து 0.8. 89,600 × 0.4 × 0.8 ÷ 153.6 = 187 லக்ஸ். 5 ஏஸிலுக்கு 40 லைட், 3.2 கிலோவாட்.

கொட்டிவாக்கம்_எலக்ட்ரிக்
சார், 0.4 எங்கேருந்து வந்தது? கேட்லாக்குல 0.7, 0.75-னு போட்டிருக்கானே.

லக்ஸ்மீட்டர்
அது காலி ஹாலுக்கு அண்ணே. 60 × 30 ஷெட் காலியா இருந்தா ரூம் இண்டெக்ஸ், அதாவது பரப்பு ÷ (உயரம் × நீள அகலக் கூட்டு), 1800 ÷ (8.5 × 90) = 2.35. அதுக்கு 0.7 கிடைக்கும். ரேக் நின்னதும் அது ஒரே ஹால் இல்லை, ஒவ்வொரு ஏஸிலும் தனி ரூம். 3.2 மீட்டர் அகலம், 8.5 மீட்டர் உயரம், 48 மீட்டர் நீளம். இண்டெக்ஸ் 0.35. கிணறு மாதிரி. அதுல 120 டிகிரி விரியுற சாதா லென்ஸ் போட்டா 0.2 தேறினாலே பெரிசு, அப்போ அதே 8 லைட்டுக்கு 93 லக்ஸ்தான். வாட் அதேதான், லென்ஸ்தான் வித்தியாசம். ரேக் உள்ள குடோன்ல பாதிப் பேர் ஏமாறுறது இங்கேதான்.

0.4 என்பது பட்ஜெட் போடுறதுக்கான எண் மட்டும். ஆர்டர் கொடுக்கறதுக்கு முன்னாடி அந்த மாடலோட ஐஈஎஸ் ஃபைலை (வெளிச்சம் எந்தப் பக்கம் எவ்வளவு போகுதுங்கிற டேட்டா) வாங்கி, ரேக்கையும் வரைஞ்சு, டயலக்ஸ் சாஃப்ட்வேர்ல ஓட்டிப் பார்க்கணும். ஃபைல் இல்லைன்னு சொன்னா அந்த மாடலே வேண்டாம்.

பேக்கிங் 240 சதுர மீட்டர். முழுக்க 300 லக்ஸ் மேலேருந்தே கொடுக்கணும்னா (சேர்ற பங்கு 0.5, தூசிக்கு 0.8-னு வெச்சா) 1,80,000 லூமன், 100 வாட் லைட் 13 ஆகும். வீண். மேலே 100 வாட் ஹைபே 6 போட்டு, 10 மேஜைக்கும் தலைக்கு மேல 36 வாட் பேட்டன் (டியூப் லைட் மாதிரி) ஒண்ணு ஒண்ணு. மேஜைமேல 300 தாராளமா வரும். டாக்குக்கு அகல லென்ஸோட 80 வாட் 4, நடைபாதைக்கு 50 வாட் 5.

கூட்டினா: 3,200 + 600 + 360 + 320 + 250 = 4,730 வாட்.

பேக்கிங்ல கலர் ஸ்டிக்கர் பிரிக்கிறாங்கன்னா சிஆர்ஐ (கலர் உண்மையாத் தெரியற அளவு) 80 கேளுங்க, மத்த இடத்துல 70 ஓடும். எல்லா இடத்துக்கும் 5000 கெல்வின், எண் குறைஞ்சா மஞ்சள் கூடும். டாக் வாசலுக்கு மட்டும் 4000 அல்லது அதுக்குக் கீழே. ஐப்பசி மழை விட்டதும் ஈசல் வெள்ளை லைட்டுக்குத்தான் முதல்ல வரும், காலையில பெட்டி மேலெல்லாம் சிறகு.

பாரிமுனை_பேனல்
லைட் கணக்கு முடிஞ்சுதா, கரண்ட் பக்கம் நான் வரேன்.

முதல்ல டிரைவர், அதாவது எல்ஈடிக்குக் கரண்டை மாத்திக் கொடுக்கற பெட்டி. லைட் சாகறதுன்னு சொல்றது பெரும்பாலும் எல்ஈடி சிப் இல்லை, டிரைவர். சித்திரை, வைகாசியில தகரக் கூரைக்குக் கீழே மதியம் 50 டிகிரி சர்வசாதாரணம். உள்ளே இருக்கிற எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டருக்கு 10 டிகிரி ஏறினா ஆயுசு பாதி. அதனால டேட்டாஷீட்டுல ‘டிஏ’ (லைட் தாங்குற சுத்துச் சூடு) 50 டிகிரி இருக்கான்னு பாருங்க. 35, 40-னு போட்ட மாடலுக்கு 50,000 மணி நேரம்னு எழுதியிருந்தா, அது நம்ம ஊருக்கு எழுதினது இல்லை. கையில தூக்கிப் பார்த்தாலே ஓரளவு தெரியும். 100 வாட் லைட் ஒண்ணேகால் கிலோ எடைன்னா அலுமினியம் எங்கே இருக்கு?

ரெண்டாவது, நியூட்ரல். ஷெட்டுல மூணு பேஸ் வரும். டிபியில (மின் பகிர்வுப் பெட்டி) நியூட்ரல் லூஸானா, லோடு குறைவா இருக்கிற பேஸ்ல 230 இருக்க வேண்டிய இடத்துல 350, 380 வரை ஏறும். ஒரே நிமிஷத்துல ஒரு பேஸ் லைட் அத்தனையும் போயிடும், வாரண்டியும் கிடைக்காது. இதுக்கு மூணு பாதுகாப்பு. 300 வோல்ட் தாண்டினா தானா கட் ஆகிற, 440 தாங்குற டிரைவர். மெயின்ல ஓவர் வோல்டேஜ் ரிலே. நியூட்ரல் பாருல லக் போட்டு கிரிம்ப் பண்ணி டார்க் (முறுக்கு விசை) பார்த்து முறுக்குறது. மூணாவதுக்குச் செலவே இல்லை, ஆனா அதைத்தான் யாரும் செய்யறதில்லை.

நியூட்ரல் கம்பி பேஸ் கம்பி அளவே இருக்கணும். டிரைவர் உண்டாக்குற மூணாவது ஹார்மோனிக் (மூணு மடங்கு அதிர்வெண்ல கலக்குற கரண்ட்) மூணு பேஸ்லேருந்தும் நியூட்ரல்ல வந்து கூடும். பாதி சைஸ் நியூட்ரல் போடற பழைய வழக்கம் இதுக்கு ஆகாது. டேட்டாஷீட்டுல பவர் ஃபேக்டர் 0.95, டிஎச்டி (ஹார்மோனிக் மொத்தக் கலப்பு) 10 சதவீதத்துக்குள்ள கேளுங்க.

இடி மின்னலுக்கு டிரைவருக்குள்ள 4 கேவி சர்ஜ் பாதுகாப்பு இருக்கும். அது மட்டும் போதாது. டிபியில டைப் 2 எஸ்பிடி (சர்ஜ் தடுப்பான்) போட்டு, எர்த் கம்பியை வளைக்காம குட்டையா இறக்குங்க. எர்த் சரியில்லைன்னா எஸ்பிடி வெறும் அலங்காரம்.

எம்சிபி: 8 லைட் ஒரு சர்க்யூட், 10 ஆம்பியர், சி கர்வ் (கண நேர இழுப்பைப் பொறுத்துக்கற வகை). ஓடுறப்போ 2.8 ஆம்பியர்தானே, 20 லைட்டை ஒண்ணுல கோக்கலாம்னு தோணும். சுவிட்ச் போடுற கணத்துல எல்லா டிரைவரும் ஒண்ணா இழுக்கும், பி கர்வ் போட்டிருந்தா காலையில தினமும் டிரிப்.

கொட்டிவாக்கம்_எலக்ட்ரிக்
80 மீட்டர் ஓட்டத்துக்கு 4 ஸ்கொயர் (சதுர மி.மீ.) கேபிள் கேட்கிறாங்க. வேணுமா?

பாரிமுனை_பேனல்
வேண்டாம். 2.5 ஸ்கொயர் காப்பர் கிலோமீட்டருக்கு 7.41 ஓம். போக வர 160 மீட்டர், 2.8 ஆம்பியர், மொத்த லோடும் கடைசி முனையிலன்னு வெச்சாக்கூட 3.3 வோல்ட் இறக்கம். ஒண்ணரை சதவீதம் கூட இல்லை. 4 ஸ்கொயர்ல போடுற காசை எஸ்பிடிக்குப் போடுங்க.

மாட்டற விஷயம் ஒண்ணு. டிரஸ் 7.5 மீட்டருக்கு ஒண்ணு, லைட் 6 மீட்டருக்கு ஒண்ணு, ரெண்டும் ஒட்டாது. ஏஸில் நடுக்கோட்டுல டிரஸ்லேருந்து டிரஸ்ஸுக்கு 41 × 41 மி.மீ. இரும்புச் சானல் ஓட்டி அதுல தொங்க விடணும். 5 × 48 = 240 மீட்டர் சானல். நடுவுல தொய்யும், இடையில ஒரு சப்போர்ட் கொடுங்க. டிரஸ்ல ஓட்டை போடாதீங்க, பீம் கிளாம்ப் மட்டும். கொட்டேஷன்ல இந்தச் சானலைத்தான் முதல்ல மறைப்பாங்க. மணலி, எண்ணூர் பக்கம்னா கிளாம்ப், போல்ட் எல்லாம் துருப்பிடிக்காத எஸ்எஸ் 304. செங்குன்றத்துக்கு ஹாட் டிப் ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) போதும்.

டர்போ வென்டிலேட்டருக்கு நேர் கீழே லைட் வராம ஒரு அடி தள்ளுங்க. மழைக்காலத்துல அங்கே சொட்டும். தூசி, தண்ணி புகாத ஐபி 65 லைட்டா இருந்தாலும் கேபிள் வழியா தண்ணி வழிஞ்சு கிளாண்டுக்குள்ள (கேபிள் நுழையற வாய்) போயிடும். கேபிளைக் கீழே ஒரு வளைவு விட்டு மேலே ஏத்துங்க.

செங்குன்றம்_ஷெட்
இவ்வளவு இருக்கா! சென்சார் போடலாமா? பத்து மணிக்கு மேல பாதி ஏஸில்ல ஆளே இருக்க மாட்டாங்க.

லக்ஸ்மீட்டர்
ஏஸில்ல மட்டும் போடுங்க. பேக்கிங், டாக்குல வேண்டாம்.

பிஐஆர் (உடம்புச் சூட்டை உணர்ற சென்சார்) வாங்கினா 8 மீட்டருக்கு மேல வேலை செய்யற ஹைபே லென்ஸ் வேணும். ஆபீஸ் சென்சாரை மேலே மாட்டினா கீழே போற ஆள் அதுக்குத் தெரியவே மாட்டார். இன்னொரு சங்கடம்: பிஐஆர் உடம்புச் சூட்டுக்கும் சுத்துச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்குது. மே மாசம் மதியம் ரெண்டும் கிட்டக்கிட்ட ஒண்ணு, உணர்திறன் குறையும். மைக்ரோவேவ் சென்சாருக்கு அந்தப் பிரச்சினை இல்லை, ஆனா அது ஷீட்டு காத்துல ஆடினாலும், வென்டிலேட்டர் சுத்தினாலும் ஆள்னு நினைச்சுக்கும், பக்கத்து ஏஸில்ல போறவரையும் பிடிக்கும். என் சாய்வு பிஐஆர் பக்கம். ஏஸில் வாய் ரெண்டுலயும் இருக்கிற லைட்டுக்குச் சென்சிடிவிட்டி கூட வெச்சு, வண்டி நுழையறப்பவே எரிய விடுங்க.

முழுசா அணைக்காதீங்க. 20 சதவீதத்துக்கு இறக்குங்க. இருட்டுக்குள்ள ரீச் டிரக் திரும்பறது ஆபத்து. லைட்டோட டிரைவர் 1-10 வோல்ட் டிம்மிங் உள்ளதா இருக்கணும், இதை ஆர்டர்ல எழுதலைன்னா சாதா டிரைவர்தான் வரும்.

கணக்கு: நேரத்துல 60 சதவீதம் ஏஸில் சும்மா கிடக்குதுன்னா 3,200 × 0.6 × 0.8 = 1,536 வாட் மிச்சம். வருஷத்துக்கு 3,600 மணி நேரத்துல சுமார் 5,530 யூனிட்.

வெளிச்ச ஷீட்டைப் பத்தி: அந்த ரெண்டு வரிசைக்குக் கீழே வர ஏஸில்களைத் தனி சர்க்யூட்ல விடுங்க. பகல்ல கையாலேயே அணைக்கலாம்.

அரும்பாக்கம்_கணக்கு
வரவு செலவு நான் போடறேன். ஒரு யூனிட் 10 ரூபாய்னு ரவுண்டா வைக்கிறேன், உங்க இ.பி. பில்லைப் பார்த்து மாத்திக்கங்க. விலையெல்லாம் திட்டம் போடறதுக்கு நான் வெச்ச எண், மூணு கொட்டேஷன் வாங்கி அந்த இடத்துல போடுங்க. வரி சேர்க்காம:

ஏஸில் லீனியர் 40 × 5,200 = 2,08,000
டாக் 4 × 4,800 = 19,200
பேக்கிங் ஹைபே 6 × 5,500 = 33,000
மேஜை பேட்டன் 10 × 700 = 7,000
நடைபாதை 5 × 2,600 = 13,000
ஸ்பேர் லைட், டிரைவர் 15,000
சென்சார் 40 × 1,200 = 48,000
எமர்ஜென்சி லைட் 10 × 3,000 = 30,000
எஸ்பிடி 2 × 6,000 = 12,000
டிபி, எம்சிபி, ரிலே 30,000
கேபிள் 700 மீட்டர் × 100 = 70,000
சானல், கிளாம்ப், வயர் ரோப் 60,000
சிசர் லிஃப்ட் (ஆளை மேலே தூக்குற மேடை) 6 நாள், ஏத்தி இறக்குறது சேர்த்து 40,000
கூலி 65 பாயிண்ட் × 600 = 39,000

மொத்தம் 6,24,200. ஜிஎஸ்டி 18 சதவீதம் 1,12,356. ஆக 7,36,556.

மாட்டற லைட் மட்டும் 2,80,200. மொத்தத்துல 45 சதவீதம்தான். 1,60,000 கொட்டேஷன்ல மத்த 55 சதவீதம் எங்கே போச்சுன்னு கேளுங்க.

மிச்சம்: 400 வாட் மெட்டல் ஹாலைடு சோக்கோட 440 வாட் இழுக்கும். 40-க்கு 17.6 கிலோவாட், வருஷம் 63,360 யூனிட். புதுசு 17,028. குறையறது 46,332. சென்சாரையும் சேர்த்தா வருஷத்துக்கு 5,18,620 ரூபாய். வரி இல்லாம 14 மாசம் சொச்சம், வரியோட 17 மாசத்துல போட்ட பணம் திரும்பும்.

ஆனா ஒரு கேள்வி. 40-ம் இப்போ எரியுதா?

செங்குன்றம்_ஷெட்
இல்லை சார், ஒரு பத்து அவுட்.

அரும்பாக்கம்_கணக்கு
அப்படின்னா முதலாளிகிட்ட 17 மாசம்னு சொல்லிடாதீங்க. 30 லைட்டுக்கு 13.2 கிலோவாட், 47,520 யூனிட். மிச்சம் 30,492 யூனிட், சென்சாரோட 3,60,220 ரூபாய். வரி இல்லாமலே 21 மாசம் ஆகும். எரியாத லைட்டை மிச்சக் கணக்குல சேர்த்தா ஆறு மாசம் கழிச்சு பில் வந்ததும் மாட்டிக்குவீங்க.

200 வாட் கொட்டேஷனையும் இதே தராசுல வைங்க. 40 × 200 = 8 கிலோவாட், வருஷம் 28,800 யூனிட். நம்ம டிசைனை விட 11,772 யூனிட் அதிகம், அதாவது வருஷா வருஷம் 1,17,720 ரூபாய், ரேக் தலைமேல கொட்டறதுக்கு.

வேலை முடிஞ்சதும் அனுமதிக்கப்பட்ட மின்பளுவைக் குறைக்க மனு போடுங்க. வணிக இணைப்புல நிலைக்கட்டணம் கிலோவாட்டுக்குத்தான். வாடகை ஷெட்டா இருந்தா, லைட், சானல் யாருக்குச் சொந்தம்னு ஒப்பந்தத்துல ஒரு வரி ஏத்திடுங்க, காலி பண்றப்போ தகராறு வராது.

பாரிமுனை_பேனல்
வாரண்டியைப் பத்தி ஒண்ணு. 5 வருஷம்னு போட்டிருப்பாங்க, லைட்டைக் கடைக்குக் கொண்டு வந்தா மாத்தித் தருவாங்க. 8.5 மீட்டர்லேருந்து இறக்குற லிஃப்ட் வாடகை உங்க தலையில. ‘சைட்டுலயே மாத்தணும், லிஃப்ட் செலவு சப்ளையர்’னு ஆர்டர்ல எழுதுங்க. ஒத்துக்க மாட்டேன்னா பிளக் வெச்ச கனெக்டராவது போடச் சொல்லுங்க, பத்து நிமிஷத்துல கழட்டி மாட்டலாம். ரேக் ஏறுறதுக்கு முன்னாடியே லைட் வேலையை முடிச்சிடணும். ரேக் நின்ன பிறகு 3.2 மீட்டர் சந்துல சிசர் லிஃப்டைத் திருப்பி எடுக்கறதுக்குள்ள நாள் ரெண்டு மடங்காகும்.

செங்குன்றம்_ஷெட்
எமர்ஜென்சி லைட் 10 எதுக்கு? ஜெனரேட்டர் இருக்கே.

பாரிமுனை_பேனல்
ஜென்செட் எடுக்கற அந்தப் பத்து, பதினைஞ்சு விநாடியில ஃபோர்க் மேலே தூக்கி நிக்கும். தீப்பிடிச்சா ஜென்செட்டையே ஆஃப் பண்ணிடுவாங்க. ஏஸில் முனைகள், வெளிவாசல், டிபி முன்னாடி, 90 நிமிஷம் தாங்குற பேட்டரியோட வைங்க. மாசம் ஒரு தடவை டெஸ்ட் பட்டனை அமுக்கணும், இல்லாட்டி பேட்டரி செத்தது யாருக்கும் தெரியாது.

லக்ஸ்மீட்டர்
ஒப்படைக்கிறப்போ இருட்டின பிறகு அளங்க. மொபைல் ஆப் வேண்டாம், காலிப்ரேட் பண்ணின மீட்டர். ஒவ்வொரு ஏஸில்லயும் லைட்டுக்கு நேர் கீழே ஒண்ணு, ரெண்டு லைட்டுக்கு நடுவுல ஒண்ணு, அப்புறம் ரேக் முகத்துல மூணு உயரம். டயலக்ஸ் ரிப்போர்ட்ல தூசி, வயசுக்கு 0.8-ஆல பெருக்கியிருக்கும், புது லைட்டுக்கு அதைவிடக் கூடத்தான் வரணும். முதல் நாளே 187 காட்டினா சந்தோஷப்படாதீங்க, 230-ஐ ஒட்டிக் காட்டணும். கடைசி 10 சதவீதப் பணத்தை இந்த ரீடிங் வந்த பிறகு கொடுங்க.

செங்குன்றம்_ஷெட்
பழைய 40 ஃபிட்டிங்கைக் காயலான் கடைக்குப் போட்டுடலாமா?

பாரிமுனை_பேனல்
சோக்குல காப்பர் இருக்கா, அலுமினியமான்னு ஒண்ணைப் பிரிச்சுப் பார்த்து விலை பேசுங்க. பல்பைத் தனியா எடுத்துடணும், அதுல பாதரசம் இருக்கு. இ-வேஸ்ட் விதியில அது வருது, அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரர்கிட்ட கொடுத்து ரசீது வாங்குங்க. புது லைட் வந்த அட்டைப்பெட்டியிலேயே நிக்க வெச்சு அடுக்கினா உடையாது. எரிஞ்சுக்கிட்டிருந்ததை அணைச்சு அரை மணி நேரமாவது ஆறவிட்டுக் கழட்டச் சொல்லுங்க.

செங்குன்றம்_ஷெட்
ரேக் டிராயிங்கை நாளைக்கு ஃபைனல் பண்ணச் சொல்லியாச்சு. ஐஈஎஸ் ஃபைல் கேட்டு மூணு பேருக்கு மெயில் போட்டேன், 1,60,000 கொட்டேஷன் கொடுத்தவர் ‘அது என்ன ஃபைல் சார்’னு திருப்பிக் கேட்கிறார்.